உன் அலை ஏன் உடையவில்லை

அன்புள்ள சேகர்,

மூன்று கடிதங்களுக்குப் பதில் போடாமல் விட்டுவிட்டேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் உன் கணினி மாதிரியைப் பற்றி "ஓத உள்ளலை உடையவே மாட்டேன் என்கிறது, கோட்பாடே தப்பு" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்தபின் சும்மா இருக்க முடியவில்லை. ஓதம், அதாவது கடலின் ஏற்றவற்றம், நீரின் அடர்த்தி அடுக்குகளுக்குள் எழுப்பும் அந்தத் தாய் அலை, பாதி அதிர்வெண் கொண்ட இரு பிள்ளை அலைகளாகப் பிரிவதைத்தானே உடைவது என்கிறோம்?

35 பாகை அட்சரேகையில் மாதிரியை ஓட்டினால் எப்படியடா உடையும்? அந்த அட்சரேகையில் புவிச்சுழற்சி தரும் அலைவுக்காலம் ஏறக்குறைய 21 மணி. அதைவிட மெதுவாக உள்ளலை ஆட முடியாது. 12.42 மணி ஓதம் பாதிப் பாதியாகப் பிரிந்தால் பிள்ளை அலைகளுக்கு 24.84 மணி. அவற்றுக்கு அங்கே இடமில்லை. 28.8 பாகைக்குக் கீழே இறக்கு. நம் பழைய ஊஞ்சல் சண்டைதான் இது: ஒருமுறை போய்வருவதற்குள் இருமுறை உட்கார்ந்து எழுந்தால்தான் ஊஞ்சல் வேகம் பிடிக்கும்.

அந்த எல்லையை நெருங்க நெருங்கப் பிள்ளைகளின் குழுவேகம், அதாவது ஆற்றலைச் சுமந்து செல்லும் வேகம், பூச்சியத்தை நோக்கிக் குறையும். பிறந்த இடத்திலேயே நின்று தாயின் ஆற்றலை உறிஞ்சும். 20 பாகையில் அவை நகர்ந்துவிடும். தாய் அலை வரும் கற்றையும் குறுகலாக இருந்தால், ஆற்றலை எடுக்குமுன்பே வெளியேறிவிடும். முடிவில்லாத சமதள அலைக்கான வளர்ச்சி வீதத்தைக் கற்றைக்குப் போட்டு ஏமாறாதே.

மாதிரி கணக்கிடும் கட்டவலையையும் மாற்று. பிள்ளைகளின் செங்குத்து அலைநீளம் நூறு மீட்டர் அளவில்தான் இருக்கும். உன் 50 மீட்டர் இடைவெளியில் அவை பிறக்குமுன்பே சாகும். 5 மீட்டர் வை, பாகுத்தன்மையைக் குறை, தொடக்கத்தில் சிறு இரைச்சல் தூவு. விதையில்லாமல் எது முளைக்கும்? மூன்று நாளில் நிறுத்தவும் செய்யாதே.

என்னை உண்மையில் உறுத்துவது வேறு. 2005இல் மக்கினன், விண்டர்ஸ் என்ற ஆய்வாளர்கள் கணினியில் 28.9 பாகை அருகே ஓதம் ஆற்றலைப் பெருமளவு இழப்பதைக் காட்டினார்கள். 2006இல் ஹவாய்க்கு வடக்கே அளந்தபோது பிரிதல் தெரிந்தது, ஆனால் ஓதத்தின் பெரும்பங்கு தாண்டிப் போய்விட்டது. கடற்சுழல்கள் தாயின் ஆட்ட ஒழுங்கைக் கலைப்பதால் பிள்ளைகளுக்குத் தாளம் தப்புகிறது என்றே எனக்குப் படுகிறது. உன் ஓதமோ கடிகாரம் போல ஓடுகிறது. அது உடைந்தாலும் அந்த அளவைக் கடலுக்கு அப்படியே சொல்லிவிடாதே.

நிலையான ஆழத்தில் நிறமாலை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் என்ற படம்) எடுக்காதே. தாய் அலை நீரைத் தூக்கித் தாழ்த்தும்போது அதிர்வெண் கலங்கிவிடும். சம அடர்த்திப் பரப்பில் எடு. ஆற்றல் மேலும் கீழும் ஏறத்தாழச் சமமாகப் போனால் பிரிதல். கீழே மட்டும் போனால் காற்று எழுப்பிய அலையாக இருக்கும். அந்தப் படத்தை முதலில் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
குமார்