ஒரு பெசோ நாணயம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. வேளாவேளைக்குச் சாப்பிடு. மெஸ் சாப்பாடு பிடிக்காவிட்டால் குக்கரில் ஒரு பிடி அரிசி போட்டுக்கொள். இங்கே எல்லோரும் நலம்.

லீவுக்கு வந்தபோது நீ வைத்துவிட்டுப் போன ஒரு பெசோ நாணயம் சாமி அலமாரியில் இருக்கிறது. அதிலிருக்கும் பிலிப்பைன்ஸ் தேசிய வீரர் ஹோசே ரிசாலைத்தான் டிசம்பர் 30 அன்று மணிலா லுனேட்டா பூங்காவில் சிலையாகவும் படமெடுத்து அனுப்பினாய். அதற்கப்புறம் "ம்", "சரி" தவிர உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. அவரைப் பற்றியாவது தெரிந்துகொள்ளலாம் என்று கீழ்வீட்டுப் பெண்ணைப் போனில் வாசித்துக் காட்டச் சொன்னேன்.

1882-இல் அவர் ஸ்பெயினுக்குக் கப்பலேறியது அண்ணன் பசியானோவுக்குத் தெரியும். பெற்ற தாய்க்குத் தெரியாது. அந்த அம்மா தியோடோரா, பொய்ப் புகாரில் இரண்டரை வருடம் சிறையில் கிடந்தவள். அவர்கள் ஊரான கலம்பாவிலிருந்து சாந்தா குரூஸ் சிறை வரை நடக்கவைத்தே கொண்டுபோனார்களாம். பின்னால் அவள் கண் மங்கியபோது, கண் டாக்டராகியிருந்த மகனே அறுவை செய்தார். தபித்தானில். நீ இருக்கும் மிண்டானாவோ தீவுதான். (என் கண்ணில் புரை இன்னும் முற்றவில்லை. அதை நினைத்துக் கவலைப்படாதே.)

மாட்ரிட்டில் அவர் மருத்துவத்தோடு இலக்கியமும் தத்துவமும் படித்தார் என்ற இடத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன்.

பிளஸ் டூ முடித்ததும் நீ வரலாறு படிக்கிறேன் என்றாய். அது சோறு போடுமா என்று கேட்டேன். உன் புத்தகங்களை எலி கடித்துவிட்டது என்று சொன்னேனே, அது பொய். பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டேன். பதினோரு கிலோ. அந்தக் காசில் சர்க்கரை வாங்கினேன். தராசில் மேலாக இருந்த புத்தகத்தில் நீ பென்சிலால் கோடு போட்டிருந்தது தெரிந்தது. அப்போதும் நிறுத்தச் சொல்லவில்லை.

டாக்டர் பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். இப்போதும் பெருமைதான், அதில் மாற்றமில்லை. ஆனால் தாய்க்கு ஒரு வார்த்தை எழுதக்கூடவா நேரமில்லை?

ஸ்பானிய அரசு ரிசாலைச் சுட்டுக் கொல்வதற்கு முந்தைய நாள், 1896 டிசம்பர் 29, தாயும் மகனும் கட்டிக்கொள்ளக்கூட விடவில்லையாம். தங்கை திரினிதாதிடம் ஒரு ஸ்பிரிட் அடுப்பைக் கொடுத்து, உள்ளே ஒன்று இருக்கிறது என்று மெல்லச் சொன்னார். கடைசிக் கவிதை அதற்குள் இருந்தது.

நேரத்துக்குச் சாப்பிடு தம்பி. அடுத்த செமஸ்டர் பீஸ் கட்டவா வேண்டாமா என்பதை மட்டும் எனக்கு எழுது. அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அம்மா