ஜிஎஸ்பி பிளஸ் சலுகையும் மனித உரிமை நிபந்தனைகளும்: திருகோணமலையிலிருந்து ஒரு கோரிக்கை மனு

மேதகு தூதுவர் அவர்கள்,
ஐரோப்பிய ஒன்றியத் தூதுக்குழு,
கொழும்பு.

பெருமதிப்புக்குரிய தூதுவர் அவர்கட்கு,

நாங்கள் திருகோணமலை, மூதூர், சம்பூர் பகுதிகளில் வசிப்பவர்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் எங்களில் பலர். மனித உரிமை நிபந்தனைகளோடு இலங்கையின் ஏற்றுமதிக்கு ஐரோப்பிய ஒன்றியம் தரும் ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகையை உடனே நிறுத்தச் சொல்பவர்களும் உண்டு, தொடவே கூடாது என்பவர்களும் உண்டு. எங்கள் கோரிக்கை வேறு.

2010 ஆகஸ்டில் சலுகையை நிறுத்தினீர்கள். 2017 மே மாதம்தான் அது திரும்ப வந்தது. ஏற்றுமதிக்கு வரி கூடினால் கார்மென்ட்ஸில் முதலில் ஓவர்டைம் குறையும், அப்புறம் ஆள் குறையும். கட்டுநாயக்கா ஏற்றுமதி வலயத்தில் தையல் மெஷினுக்கு முன்னால் இருக்கும் பிள்ளைகளில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் உண்டு. வழக்கில்லாமலே ஆட்களை மாதக்கணக்கில் தடுத்து வைக்க விடும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் கட்டிக் காத்தவர்கள் வீட்டில் ஒரு வேளைச் சோறும் குறையவில்லை. அந்த ஏழு வருடமும் சட்டம் அப்படியே இருந்தது.

சட்டத்தை மாற்றுவோம் என்ற வாக்குறுதியோடு சலுகை திரும்பக் கிடைத்தது. கிடைத்த பிறகு வாக்குறுதி இழுபட்டது. 2021 ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றம், சலுகையைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி யோசிக்கும்படி தீர்மானம் போட்டது. 2022 மார்ச்சில் சட்டம் திருத்தப்பட்டு, தடுத்து வைக்கும் உச்சக் காலம் 18 மாதத்திலிருந்து 12 மாதமானது. இது போதவே போதாது. பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கும் பிரிவை ஆட்சியாளர்கள் தொடவில்லை. ஆனாலும் சலுகை பறிபோய்விடும் என்ற பயம்தான் அந்தளவுக்காவது அவர்களை அசைத்தது என்று நாங்கள் நம்புகிறோம்.

ஆகவே அந்தப் பயத்தைக் கையில் வைத்திருங்கள். எந்த நிபந்தனை, எந்தத் திகதிக்குள் என்று தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடுங்கள். பாதுகாப்புத் தரப்புக்குப் பயிற்சி, உபகரணம் என்று எந்த உதவி போனாலும் முதலில் அதை நிறுத்துங்கள். மீனவருக்கும் மீள்குடியேறியவருக்கும் வரும் உதவியில் கை வைக்க வேண்டாம்.

கண்காணிப்புக் குழு வரும்போது திருகோணமலைக்கும் அனுப்புங்கள். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) அதிகாரிகள் சுற்றியிருக்க எங்களால் வாய் திறக்க முடியாது. மொழிபெயர்ப்பாளரை நீங்களே கூட்டி வாருங்கள்.

2006 ஜனவரி 2 அன்று எங்கள் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் 13 சந்தேகநபர்களும் 2019 இல் விடுவிக்கப்பட்டார்கள். அதே 2006 ஆகஸ்டில் மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் 17 பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். அதற்கும் யாரும் தண்டிக்கப்படவில்லை. அடுத்த மதிப்பாய்வில் இந்த இரண்டு வழக்குகளையும் குறிப்பிட்டு, அரசாங்கத்திடம் எழுத்தில் பதில் கேளுங்கள். அந்தப் பதிலின் பிரதி எங்களுக்கும் வேண்டும்.

இப்படிக்கு,
திருகோணமலை மாவட்டத்தில் கீழே கையொப்பமிட்டுள்ளவர்கள்