பதினோரு மணி டூட்டிக்கு நன்றி

அண்ணாச்சிக்கும், வேலை வாங்கித் தந்த அக்காவுக்கும், குடோனில் என்னோடு இருக்கிற எல்லோருக்கும் வணக்கம்.

எம்.சி. ரோட்டு ஜவுளிக் கடையில் நான் சேர்ந்து வர்ற தையோடு ஒரு வருஷம். நேரில் சொல்ல வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் இந்த மடல்.

எனக்கு மனச்சிதைவு நோய். பத்தொன்பது வயதில் வந்தது. வண்ணாரப்பேட்டையில் அதற்கு ஒரே பெயர் ‘கீழ்ப்பாக்கம்’. 1794ல் தொடங்கின மனநல ஆஸ்பத்திரி. அது இருக்கிற ஊர்ப்பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். முன்பு ஒரு கம்பெனியில் சட்டைப்பையிலிருந்த மாத்திரை அட்டையைப் பார்த்த மறுநாளே கணக்கு முடித்து அனுப்பினார்கள். பிறகு நாலு வருஷம் காகிதக் கவர் ஒட்டும் பயிற்சி. “முதல்ல நல்லா குணமாகட்டும், அப்புறம் வேலை” என்பார்கள். குணமும் ஆகவில்லை, வேலையும் வரவில்லை.

அக்கா, முதல் நாளே “என்ன வேலைக்குப் போகணும்னு ஆசை?” என்று கேட்டது நீங்கள்தான். முதலில் வேலை, பழகுவதெல்லாம் அங்கேயே. 1990களில் அமெரிக்காவில் வந்த முறை என்றீர்கள். நான் கண்டது, மூன்று வாரம் குடோன் தரையில் உட்கார்ந்து நீங்களும் புடவை மடித்ததை. (உங்கள் மடிப்பு இன்றுவரை கோணல்தான்.)

சேர்ந்த புதிதில் டாக்டர் என்னை குளோசபின் என்கிற மாத்திரைக்கு மாற்றினார். போட்டால் காலையில் கண் திறக்காது. அண்ணாச்சி, “பதினோரு மணிக்கு வா, ராத்திரி சேர்த்து நில்லு” என்று முடித்துவிட்டீர்கள். அந்த மாத்திரை ரத்தத்தில் வெள்ளை அணுவைக் குறைக்கலாம், அதனால் முதல் 18 வாரம் வாராவாரம் திங்கட்கிழமை ரத்தம் எடுத்துப் பார்க்கணும். ஒரு திங்கட்கிழமைக்கும் சம்பளம் பிடிக்கவில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மனநோயும் இருக்கிறது, இதையெல்லாம் உரிமையாகவே கேட்கலாம் என்று அக்கா சொல்லித் தந்திருந்தார். மனப்பாடம் செய்து வந்தது வீணாய்ப் போனது.

ஆடித் தள்ளுபடி சமயம், கடை மைக்கில் என் பெயரைச் சொல்லித் திட்டுவது போலக் கேட்க ஆரம்பித்தது. பிரித்த புடவையோடு அப்படியே நின்றுவிட்டேன். டேக் அடிக்கிற அக்கா ஒன்றும் கேட்காமல் வந்து மறுமுனையைப் பிடித்தார். நுனிக்கு நுனி சேர்த்து, இரண்டாக, நாலாக, முந்தானை மேலே தெரிகிற மாதிரி. அடுத்தது. அதற்கடுத்தது. எட்டாவது புடவையில் அது வெறும் மைக் சத்தமாகிவிட்டது. “டீ குடிக்கிறியா?” என்றார்.

டேக் அடிக்கிற அக்கா, அந்த டீக்கு நான் இன்னும் காசு தரவில்லை. பொங்கலுக்குள் தந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
குடோன் தம்பி