பல்செட்டுக்கும் சேர்த்து வைத்தியம்

அம்பாசமுத்திரம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு, வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. பேரனுக்கு வேலை கிடைத்ததில் மிக்க மகிழ்ச்சி. பல்செட்டு போட்டிருக்கும் மதினிக்கு வாய் எரிச்சல் தீரவில்லை என்றும், உடம்புச் சூடு என்று எண்ணி மணத்தக்காளிக் கீரையும் காரமில்லாத சொதியுமாகக் கொடுத்து வருவதாகவும் எழுதியிருந்தீர்கள். என் அக்காளுக்கும் சென்ற கோடையில் இதே தொல்லை வந்து பாளையங்கோட்டையில் பல் மருத்துவரிடம் காட்டியதால், அங்கே அறிந்ததை எழுதுகிறேன்.

அக்காளின் மேல் பல்செட்டைக் கழற்றச் சொல்லி, டார்ச் அடித்து என்னையும் பார்க்கச் சொன்னார் மருத்துவர். அண்ணத்தில் செட்டு உட்காரும் இடம் மட்டும், விளிம்பை வைத்து வரைந்தாற்போல், செக்கச்செவேலென்று இருந்தது. கடைவாய் இரண்டும் வெடித்திருந்தன; அதற்கு மருந்துக்கடையில் பி காம்ப்ளெக்ஸ் கொடுத்திருந்தார்கள். இதற்குக் காரணமான கேண்டிடா என்னும் பூஞ்சை பலருடைய வாயில் தொல்லையின்றி இருப்பதுதானாம். இரவும் பகலும் கழற்றாத செட்டின் அடியில், எச்சில் சரியாகப் போய்வராத இடத்தில், அது பெருகிவிடுகிறது. சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கும், வாய் உலர்ந்தவர்களுக்கும், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்காதவர்களுக்கும் எளிதில் வரும். பலருக்கு வலியே இல்லாததால் இருப்பதே தெரிவதில்லை.

அக்காளுக்கு வாயில் தடவ க்ளோட்ரிமசோல் என்ற பூஞ்சைக்கான மருந்தைக் கொடுத்தார். எரிச்சல் நின்றதும் நிறுத்திவிடாமல், சொன்ன நாள்வரை தடவ வேண்டும். ஆனால் அவர் அழுத்திச் சொன்னது செட்டைப் பற்றித்தான்: பூஞ்சை அதிலும் படிந்திருப்பதால், வாய்க்கு மட்டும் மருந்திட்டால் மறுபடியும் வரும். சாதாரணப் பற்பசை செட்டைக் கீறிவிடும், அந்தக் கீறலிலேயே அழுக்கு தங்கும். ஆகவே மிருதுவான பிரஷ்ஷும் சோப்பும் போதும். கொதிநீர் பட்டால் நெளிந்துவிடும். இரவில் கட்டாயம் கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். அக்காளுக்கு இதுதான் பெரும்பாடாக இருந்தது, வீட்டில் மருமகன் இருக்கையில் பொக்கைவாயோடு எப்படி என்று. கதவைச் சாத்திக்கொண்டு கழற்றுவதாக ஒப்புக்கொண்ட பிறகே குணம் கண்டது.

மதினி இதய வால்வு மாற்றியதிலிருந்து, இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுவதால், அதைத் தவறாமல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதே நோய்க்குத் தரப்படும் மைகோனசோல் ஜெல், வாயில் தடவினால்கூட அந்த மாத்திரையின் வேகத்தைக் கூட்டி இரத்தப்போக்கை உண்டாக்கும். கடையில் கேட்டு வாங்கித் தடவ வேண்டாம். இன்னொன்றையும் கூச்சப்படாமல் எழுதிவிடுகிறேன். மதினி வெற்றிலையோடு புகையிலை போட்டு வந்தவர்கள் என்பதால், சிவப்போ வெள்ளையோ மூன்று வாரத்துக்கு மேல் மாறாமல் நின்றால் அது புற்றுநோய் போன்ற வேறு ஏதும் இல்லை என்று சோதித்துப் பார்க்க வேண்டும்.

செட்டு தளர்ந்து ஆடுவதாக முன்பே சொன்னீர்கள். அதுவும் அண்ணத்தை உரசிப் புண்ணாக்கும். அடிப்பகுதியைச் சரிசெய்யலாமா, புதிதாகவே கட்ட வேண்டுமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். எனவே மருத்துவரிடம் காட்டத் தென்காசியிலிருந்து புறப்படும்போது, எரிச்சலுக்குப் பயந்து செட்டை வீட்டிலேயே வைத்துவிடாமல் கையோடு எடுத்து வரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆறுமுகம்