கண்ணால் திருடுவது வேறு, கேமராவால் திருடுவது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

பேஸ்பால் சைகைத் திருட்டைப் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரை எல்லாத் திருட்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டது. அது சரியில்லை. பேட்டருக்குப் பின்னால் உட்காரும் கேட்சர், அடுத்து எந்த வகைப் பந்து வீச வேண்டும் என்று பந்து வீசும் பிட்சருக்கு விரலால் குறி காட்டுவார்; அதை அடிக்கும் அணி படித்துவிடுவதுதான் சைகைத் திருட்டு. பிட்சருக்குப் பின்னால் இரண்டாம் பேஸில் (ரன்னர் ஓடித் தொட வேண்டிய இடங்களில் ஒன்று) நிற்கும் ரன்னருக்குக் கேட்சரின் விரல்கள் நேராகத் தெரியும், அந்தக் குறியைப் புரிந்துகொண்டு தன் பேட்டருக்குச் சொல்ல முடிந்தால் அது அவன் சாமர்த்தியம், விதியும் அதைத் தடுக்கவில்லை. எதிரணிக்கும் கண் இருக்கிறதே, சந்தேகம் வந்தால் குறியை மாற்றிக்கொள்ளலாம்.

கருவி வந்ததும்தான் கதை மாறுகிறது. இதுவும் இன்று நேற்று வந்ததல்ல. 1900-லேயே பிலடெல்பியா பில்லீஸ் அணி, மூன்றாம் பேஸ் பயிற்சியாளர் நிற்கும் இடத்தில் மண்ணுக்கடியில் மின்கம்பி புதைத்து, பைனாகுலரில் பார்த்ததை அவர் காலுக்கு அதிர்வாக அனுப்பியது; சின்சினாட்டி வீரர் டாமி கார்கரன் ஷூ ஆணியால் மண்ணைக் கிளறப்போய் குட்டு உடைந்தது! 1951-இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் தொலைநோக்கி வைத்துப் பார்த்தார்கள். 2017-இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் மைய மைதானக் கேமராவின் படத்தை, வீரர்கள் உட்காரும் டக்அவுட்டுக்குப் பின்னாலிருந்த திரையில் பார்த்து, குப்பைத் தொட்டியைத் தட்டினார்கள். தட்டினால் மெதுவான பந்து, தட்டாவிட்டால் வேகப்பந்து. இவ்வளவு தொழில்நுட்பம் வைத்துக்கொண்டு கடைசியில் குப்பைத் தொட்டி, சிரிப்புத்தான் வருகிறது.

தண்டனைதான் எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. 2020 ஜனவரியில் லீக் நிர்வாகம் ஆஸ்ட்ரோஸுக்குப் போட்டது 50 லட்சம் டாலர் அபராதம், இரண்டு வருடங்களுக்கு முதல் இரண்டு சுற்று டிராஃப்ட் தேர்வுகள் (புது வீரர்களை முறைவைத்து எடுக்கும் வாய்ப்பு) ரத்து, மேலாளர் ஹிஞ்சுக்கும் பொது மேலாளர் லூனோவுக்கும் ஒரு வருடத் தடை, அன்றைக்கே இருவருக்கும் வேலை போனது, எல்லாம் சரி. தொட்டியைத் தட்டிய வீரர்களுக்கு? உண்மையைச் சொன்னால் தண்டனை இல்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டதால் ஒருவருக்குக்கூட ஒரு ஆட்டத் தடை இல்லை. 2017 சாம்பியன் பட்டமும் அவர்களிடமே இருக்கிறது.

அப்புறம் 2022-இல் பிட்ச்காம் வந்தது. கேட்சர் பொத்தானை அழுத்தினால் பிட்சரின் தொப்பிக்குள் குரல் கேட்கும். கேமராத் திருடனைப் பிடிக்கப்போய், பாவம், இரண்டாம் பேஸில் கண்ணை மட்டும் நம்பி நின்றவன் பிழைப்பும் போய்விட்டது. பந்து வீசுவதற்கு முன் பிட்சர் கையுறையை எப்படிப் பிடிக்கிறார் என்று கவனித்து அடுத்த பந்தை ஊகிப்பது ஒன்றுதான் அவனுக்கு இப்போது மிச்சம்.

இப்படிக்கு,
ஒரு பேஸ்பால் பைத்தியம்