இரண்டு மணி நேரக் கணக்கு

மதுரை

அன்புள்ள செல்வம்,

இத்தனை நாள் பதில் போடாததற்கு நேரில் வரும்போது திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் சுகம். மூர்த்தி அண்ணனுக்கு அதே குடை, அதே கோபம். நீ திருப்பூரில், வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக வாதாடும் சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞராகச் சேர்ந்துவிட்டாய் என்று அவர்தான் சொன்னார். பாகப்பிரிவினை வழக்குகளிலேயே தலை நரைத்தவன் இனி ரிமாண்டுக்கு நிற்கப் போகிறாய்! சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் கவலையாகவும் இருந்தது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

2025 நவம்பர் 6 அன்று மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை முழுதாகப் படித்துவிட்டு நீதிமன்றத்துக்குப் போ. மும்பை வொர்லி கார் விபத்து வழக்கில் வந்தது அது. கைதுக்கான காரணங்களை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று 2023-இல் பங்கஜ் பன்சால் வழக்கில் அமலாக்கத் துறைக்கும் (ஈ.டி.), 2024 மே மாதம் பிரபீர் புர்காயஸ்தா வழக்கில் பயங்கரவாதத் தடுப்புக்கான உபா சட்டக் கைதுகளுக்கும் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அடிதடி, திருட்டு வழக்கில் அதைக் கேட்டால் ‘அதெல்லாம் ஈ.டி. கேஸுக்கு சார்’ என்று அரசு வழக்கறிஞர் (ஏ.பி.பி.) சிரிப்பார். இனிச் சிரிக்க முடியாது. எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவானாலும் காரணம் எழுத்தில் வர வேண்டும், கைதானவருக்குப் புரிகிற மொழியில் வர வேண்டும். போலீஸ் கண்ணெதிரே நடந்த குற்றம் மாதிரி, அந்த இடத்திலேயே எழுத முடியாத நிலை என்றால் முதலில் வாயால் சொல்லலாம். ஆனாலும் ரிமாண்டுக்காக நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்துவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்னால் எழுத்து கைக்கு வந்திருக்க வேண்டும். வராவிட்டால் கைதும் ரிமாண்டும் சட்டவிரோதம்.

இதில் மொழிதான் உன் ஊருக்கென்றே எழுதினது போல இருக்கிறது. பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒடிசா பையன், பீகார் பையன், வங்காளத்துப் பையன் கையில் தமிழில் அடித்த தாளைக் கொடுத்து, கீழே ‘படித்துக் காட்டக் கேட்டுப் புரிந்துகொண்டேன்’ என்று கையெழுத்து வாங்கினால், படித்துக் காட்டியது யார், எந்த மொழியில், அந்த ஆளின் கையெழுத்து எங்கே என்று நீ கேட்க வேண்டும். ஒடியாக்காரனிடம் இந்தியில் சொன்னால் போதும் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். உங்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலரிடம் சொல்லி, ஒடியாவும் வங்காளமும் தெரிந்த ஓரிருவர் போன் நம்பரை இப்போதே வாங்கி வை. ராத்திரி நடுவர் வீட்டில் நிறுத்தும்போது தேடினால் யாரும் கிடைக்க மாட்டார்கள்.

என் பயம் வேறொன்று. இந்தத் தீர்ப்பையும் ஒரு அச்சடித்த படிவமாக்கிவிடுவார்கள். ‘மேற்கொண்டு குற்றம் செய்யாமல் தடுக்க, சாட்சிகளைக் கலைக்காமல் இருக்க, முறையான புலன்விசாரணைக்காக’ என்று நாலு வரி. பெயர் மட்டும் கோடிட்ட இடத்தில். எந்த ஊரில் எவனைக் கைது செய்தாலும் பொருந்துகிற வரிகள் இவை. புர்காயஸ்தா தீர்ப்பு இதைத்தான் பிரித்துக் காட்டுகிறது. அந்த நாலு வரி யாருக்கும் பொதுவானது; கொடுக்க வேண்டியது, இந்த ஆள் என்றைக்கு, எங்கே, என்ன செய்ததாகச் சொல்கிறார்கள், எந்தத் தகவலை வைத்துப் பிடித்தார்கள் என்பதை. அது தெரிந்தால்தானே ‘அன்றைக்கு நான் ராத்திரி ஷிப்டில் இருந்தேன், பஞ்சிங் பாருங்கள்’ என்று அவன் வக்கீலிடம் சொல்ல முடியும்? ஒரே வழக்கில் அஞ்சு பேரைக் கொண்டு வந்தால் அஞ்சு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார். ஒரே பத்தி திரும்பத் திரும்ப வந்தால் அதையே உன் முதல் ஆட்சேபணையாக வை.

அடுத்து நேரம். கைதுக் குறிப்பில் ஒரு நேரம் இருக்கும். காரணத் தாளில் வாங்கின நேரம் இருக்கும். பல சமயம் காலியாக இருக்கும், அதையும் குறித்துக்கொள். அரசு ஆஸ்பத்திரி மருத்துவச் சான்றில் பரிசோதித்த நேரம் இருக்கும். நடுவர் முன் நிறுத்திய நேரத்தை நீயே எழுதி வை. நாலையும் ஒரு தாளில் வரிசையாகப் போட்டாலே பல சமயம் வழக்கு பேசிவிடும். மூன்றரை மணிக்கு ஸ்டேஷனில் தாளைக் கொடுத்தோம் என்பார்கள். அதே மூன்றரைக்கு ஆள் ஆஸ்பத்திரியில் நின்றதாக டாக்டர் எழுதியிருப்பார். ‘24 மணி நேரம் முடியப் போகிறது, அவசரமாகக் கொண்டு வந்தோம்’ என்ற சமாதானத்துக்கும் அசையாதே. 23-வது மணி நேரத்தில் நிறுத்துகிறவர் 21-வது மணி நேரத்துக்குள் தாளைக் கொடுத்திருக்க வேண்டும். நிரூபிக்கிற பொறுப்பும் போலீஸுடையதுதான். 2025 பிப்ரவரி 7-இல் விஹான் குமார் வழக்கில் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலோடு சங்கிலி போட்டு வைத்திருந்தார்களே, அந்த வழக்கு. பெண்டாட்டிக்குக் கைதைச் சொல்லிவிட்டோம் என்பதும், குற்றப்பத்திரிகை போட்டாயிற்று என்பதும் இந்தக் குறையைச் சரிசெய்யாது என்பதும் அதே தீர்ப்பில் உண்டு.

ஏ.பி.பி. தர்ஷன் தீர்ப்போடு வருவார். கன்னட நடிகரின் ஜாமீனை 2025 ஆகஸ்ட் 14-இல் ரத்து செய்தபோது, எழுத்தில் தருவதில் தாமதம் என்பதாலேயே ஜாமீன் கிடைத்துவிடாது, பாதிப்பைக் காட்ட வேண்டும் என்றார்கள். அதற்குப் பிந்தியது நவம்பர் தீர்ப்பு, அதில் 2 மணி நேரம் என்று அளவே சொல்லியிருக்கிறது என்று பதில் சொல். அதோடு நிறுத்தாமல் பாதிப்பையும் எழுது: மொழி தெரியவில்லை, வக்கீலிடம் பேச நேரமில்லை, எதை மறுப்பது என்றே தெரியவில்லை. எல்லாம் ஒரு பக்க மெமோவாக, முதல் ரிமாண்டிலேயே. வாயால் மட்டும் சொன்னால் உத்தரவில் ‘புகார் ஏதுமில்லை’ என்று வந்துவிடும். பிறகு உயர் நீதிமன்றத்தில் ‘அன்றைக்கு ஏன் சொல்லவில்லை?’ என்பார்கள். மெமோவுக்கு நம்பர் போட்டு வாங்கு, ரிமாண்ட் உத்தரவின் நகலுக்கு அன்றே மனுப் போடு.

குடும்பத்தாரிடம் மட்டும் ‘ஆள் வெளியே வந்துவிடுவான்’ என்று வாக்குக் கொடுத்துவிடாதே. ஆளை விட்ட பிறகும் காரணத்தை முறையாக எழுதிக் கொடுத்துவிட்டு, காவல் ஏன் தேவை என்று போலீஸ் மறுபடி மனுப் போடலாம்; நடுவர் கூடுமானவரை ஒரு வாரத்தில் முடிவு செய்ய வேண்டும் என்று அந்தத் தீர்ப்பே வழி விட்டிருக்கிறது.

இதற்கும் முந்தின கேள்வி, கைதே தேவைதானா என்பது. 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களுக்கு கைதுக்குப் பதிலாக விசாரணைக்கு வரச் சொல்லும் நோட்டீஸை, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 35(3)-இன் கீழ் ஏன் கொடுக்கவில்லை என்று கேள். 3 ஆண்டுக்குக் குறைந்த தண்டனை, ஆள் 60 வயது தாண்டியவர் அல்லது உடம்புக்கு முடியாதவர் என்றால் டி.எஸ்.பி. அனுமதி இல்லாமல் கைது கூடாது. வாட்ஸப்பில் அனுப்பின நோட்டீஸ் செல்லாது.

ஆள் உள்ளே போய்விட்டால் உன் டைரியில் நாள் எண்ண ஆரம்பி; 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் அவன் உரிமை. ரிமாண்ட் ஆன நாளும் கணக்கில் சேரும். 2023-இல் வாத்வான் வழக்கில் முடிவான விஷயம். மார்ச் 1 ரிமாண்ட் என்றால் 60-வது நாள் ஏப்ரல் 29. அதற்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஏப்ரல் 30 காலையில் நீதிமன்றம் கூடும்போதே உன் ஜாமீன் மனு மேசையில் இருக்க வேண்டும். (குற்றத்துக்குத் தண்டனை 10 ஆண்டோ அதற்கு மேலோ, ஆயுளோ, மரணமோ என்றால் 90 நாள்.) மனுப் போட்ட பிறகு மதியம் குற்றப்பத்திரிகையோடு ஓடி வந்தாலும் உரிமை போகாது, சென்னையிலிருந்து போன ரவீந்திரன் வழக்கு, 2020. கொரோனாவையே காரணம் காட்டியும் இந்தக் கெடுவை நீட்ட முடியவில்லை, நம் சமயநல்லூர் ஸ்டேஷன் வழக்கில். ஆனால் நீ மனுப் போடும் முன்னால் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் எல்லாம் போச்சு. அதனால் மத்தியானம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற உன் பழைய சிவில் பழக்கம் இங்கே ஆகாது!

ஜாமீன் கிடைத்த பிறகும் உன் ஊர்ப் பையன்கள் உள்ளேயே கிடப்பார்கள். ரத்த உறவில் ஒரு ஜாமீன்தாரர் வேண்டும் என்றால் ஒடிசாவிலிருந்து அப்பன் எப்படி வருவான்? உச்ச நீதிமன்றத்தின் 2023 ஜனவரி 31 உத்தரவைக் கையில் வை. ஜாமீன் வந்து ஒரு வாரத்தில் ஆள் வெளியே போகவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட ஆணைக்குழுச் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்திலும் ஜாமீன் பத்திரம் கொடுக்க முடியவில்லை என்றால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி யோசிக்கலாம். தானாக நடக்கும் என்று காத்திருக்காதே. எட்டாவது நாள் செயலர் அறைக்குப் போய் அந்தப் பட்டியலைக் கேள்.

அங்கே இப்போது கொடுக்கிற காரணத் தாளின் மாதிரி ரெண்டு மூன்று, பெயரை அடித்துவிட்டு அனுப்பி வை. இங்கே கொடுப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மெமோவுக்கு ஒரு வரைவு நான் தட்டச்சு செய்து அனுப்புகிறேன். அதில் உன் ‘மேற்படி மேற்படி’யைச் சேர்த்துக் கெடுக்காதே. தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
பாண்டி