நோட்டீஸில் 'கர்ப்பிணி' என்று எழுதுங்கள்

எங்கள் சரகத்தின் காவல் உயரதிகாரிகளுக்கு, வட சென்னைப் பெண்கள் நாங்கள் சிலர் சேர்ந்து எழுதுவது. வணக்கம்.

காணாமல் போன எந்தப் பெண்ணைப் பற்றி எழுதுகிறோம் என்று உங்களுக்குத் தெரியும். புகார் உங்களிடம்தான் இருக்கிறது. பெயரை இங்கே எழுதவில்லை. அது போகக்கூடாத வாட்ஸ்அப் குழுக்களுக்கெல்லாம் ஏற்கெனவே போய்விட்டது.

நீங்கள் வெளியிட்ட 'காணவில்லை' நோட்டீஸைத் தெருவில் எல்லோரும் படித்தோம். வயது இருக்கிறது, உயரம் இருக்கிறது, மாநிறம் என்று இருக்கிறது, சேலையின் நிறம் இருக்கிறது. அவர் எட்டு மாதக் கர்ப்பிணி என்பது மட்டும் இல்லை. பஸ்ஸிலோ பிளாட்பாரத்திலோ அவரைப் பார்த்த ஒருவருக்குச் சேலை நிறமா நினைவில் இருக்கும்? வயிறும், அவர் நடந்த நடையும்தான் நினைவிருக்கும். எட்டு மாதம் என்று எழுதினால் பார்த்தவர்கள் பேசுவார்கள். பிரசவத் தேதியையும் எழுதினால் ஆஸ்பத்திரிக்காரர்கள் பேசுவார்கள். அந்த நோட்டீஸைத் திருத்தி மறுபடி வெளியிடுங்கள் என்பதுதான் எங்கள் முதல் கோரிக்கை.

அவருடைய தாய் சேய் நல அட்டை வீட்டிலேயே இருக்கிறது. அதைக் குடும்பத்தார் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து காட்டியபோது, வேண்டாம், ஆதார் போதும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆதாரைவிட அந்த அட்டைதான் இந்தத் தேடுதலுக்கு உதவும். ரத்த வகை, கடைசியாகப் பார்த்த பிரஷர், ஹீமோகுளோபின், எதிர்பார்க்கும் பிரசவ நாள், கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த 12 இலக்க ஆர்.சி.எச். எண் எல்லாம் அதில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க அந்த எண் கேட்கப்படுகிறது. கர்ப்பிணிகளின் விவரங்களைச் சேர்க்கும் 'பிக்மி' என்ற கணினிப் பதிவை வைத்திருக்கும் சுகாதாரத் துறைக்கு நீங்கள் ஒரு கடிதம் கொடுத்தால், அந்த எண்ணில் புதிதாக ஏதாவது பதிவானதா என்று பார்த்துச் சொல்ல முடியும். ஸ்கேன் சென்டர்களும் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 'எஃப்' படிவம் நிரப்பி 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டியவை. வேறு பெயர் சொல்லி அவர் எங்காவது சேர்ந்திருந்தால் எண் காட்டிக்கொடுக்காது. அப்போது பிரசவ வார்டில் இருக்கும் சிஸ்டரின் கண்தான் உதவும். அந்தக் கண்ணுக்குப் போட்டோ போய்ச் சேர வேண்டும்.

இதில் அவசரம் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறோம். அவருக்குப் பிரஷர் இருந்தது. லேபட்டலால் மாத்திரை தினமும் போட வேண்டியவர். மாத்திரை அட்டையை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார். கர்ப்பிணிக்கு 140/90-க்கு மேல் ஏறிக்கொண்டே போனால் தலைவலி வரும், கண் மங்கும், பிறகு வலிப்பு வரலாம். நடுரோட்டில் வலிப்பு வந்தால் நம் ஜனங்கள் காக்காய் வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். இந்த வலிப்புக்கு மருந்து மக்னீசியம் சல்பேட் ஊசி. அதைப் போட வேண்டுமானால் இது கர்ப்பத்தால் வந்த வலிப்பு என்று தெரிய வேண்டும். பிரசவமான பிறகும், முக்கியமாக முதல் இரண்டு நாளில், இது வரலாம். அப்போது பார்ப்பவர்களுக்கு வயிறும் அடையாளமாக இருக்காது. வலிப்புக்குப் பின் சற்று நேரம் தன் பெயரைக்கூடச் சொல்ல முடியாமல் போகும். கேஷுவாலிட்டியில் 'பெயர் தெரியாத பெண்' என்று எழுதிச் சேர்ப்பார்கள்.

ஆகவே, காணாமல் போன நாளிலிருந்து ஆஸ்பத்திரிகளில் பதிவான ஏ.ஆர். புத்தகங்களை, அதாவது விபத்துப் பதிவேடுகளை, பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டான்லி, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம்., எழும்பூர் தாய் சேய் ஆஸ்பத்திரி, கீழ்ப்பாக்கம், பெரியார் நகர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி என்று போக வேண்டும். 108 வண்டிகள் ஏற்றிய பெயர் தெரியாத பெண்களின் விவரமும் வேண்டும். கொருக்குப்பேட்டையில் ரயில் ஏறினால் அதே தண்டவாளம் சூளூர்பேட்டை வரை போகிறது. ஆந்திரப் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்குத் தெலுங்கில் ஒரு நோட்டீஸ் போக வேண்டாமா? ரயில்வே போலீஸ் தனி, திருவொற்றியூர் சென்னை ஆணையரகம், எண்ணூரும் மணலியும் ஆவடி ஆணையரகம். உங்களுக்கு இவை எல்லைகள். மூச்சு வாங்க நடக்கும் ஒரு கர்ப்பிணிக்கு அது ஒரே ரோடு.

கேமரா பதிவுகள் இதைவிட வேகமாகக் கைநழுவிப் போகும். கடைகளில் கேமரா படங்களைச் சேமிக்கும் டி.வி.ஆர். பெட்டி நிறைந்ததும் பழையதன் மேலேயே புதியதை எழுதிக்கொள்ளும். சின்ன ஹார்ட் டிஸ்க்கில் நாலைந்து கேமரா ஓடினால் சில நாளிலேயே பழையது போய்விடும். மெடிக்கல் ஷாப்காரரின் திரையைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போனது போதாது. மூலப் பதிவை எடுத்து, சாட்சியச் சட்டமான சாக்ஷ்ய அதினியம் 63-வது பிரிவின் சான்றோடு வைக்காவிட்டால் நாளைக்கு அது கோர்ட்டில் நிற்காது. எடுக்கும்போது டி.வி.ஆர். கடிகாரம் சரியான நேரத்துக்கு எத்தனை நிமிடம் முன்பின்னாக ஓடுகிறது என்றும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கரண்ட் போய் வந்த கடைகளில் அந்தக் கடிகாரத்தை யாரும் திருத்துவதில்லை.

முதல் நாள் இரவு ஸ்டேஷனில் கிடைத்த பதில்: "அம்மா வீட்டுக்குப் போயிருக்கும், 24 மணி நேரம் பாத்துட்டு வாங்க." எந்தச் சட்டத்தில் இருக்கிறது இந்த 24 மணி நேரம்? அப்படி ஒரு விதியே கிடையாது. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்ற நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதியச் சொல்கிறது. குடும்பத்துக்குக் கிடைத்தது, மனு வந்தது என்று மட்டும் சொல்லும் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது. 'பெண் காணவில்லை' என்று எஃப்.ஐ.ஆர். போட, வார்டு ஆட்கள் போய்ப் பேச வேண்டியிருந்தது. அதற்குள் மெயின் ரோட்டுக் கேமராவில் எத்தனை மணி நேரம் அழிந்ததோ.

நீங்கள் பேசாத இடத்தில் ஊர் பேசுகிறது. யாருடனோ போய்விட்டார் என்கிறார்கள். மாமியார் வீட்டில் என்னவோ செய்துவிட்டார்கள் என்கிறார்கள். பிள்ளைக்காகக் கடத்திவிட்டார்கள் என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் சுற்றுகிறது. வதந்தி ஒரு உயிரை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது இந்தப் பக்கத்துக்குத் தெரியும். 2018 மே மாதம் பழவேற்காட்டில் பிள்ளை பிடிப்பவர் என்று சந்தேகித்து ஒருவரை அடித்தே கொன்றார்கள். தினமும் மாலையில் ஒரு அதிகாரி இரண்டு வரி சொன்னால் போதும், பாதிப் பேச்சு அடங்கிவிடும். வட சென்னைக்குச் செய்தி எப்போதும் கடைசியில்தான் வருகிறது. 2023 டிசம்பரில் எண்ணூரில் அம்மோனியா கசிந்த இரவிலும், மூச்சுத் திணறி எழுந்த மக்கள் தாங்களாகத்தான் வீட்டை விட்டு ஓடினார்கள். அது வேறு விஷயம், இங்கே நிறுத்திக்கொள்கிறோம்.

ஒன்றை மட்டும் தவறாமல் கவனிக்க வேண்டுகிறோம். அவர் தானாகவே கிளம்பிப் போயிருந்தால், அதற்குக் காரணம் வீட்டுக்குள் இருக்கலாம். கண்டுபிடித்ததும் கணவர் கையில் ஒப்படைத்து வழக்கை முடித்துவிடாதீர்கள். ஒரு பெண் அதிகாரி அவரைத் தனியாக உட்காரவைத்துக் கேட்கட்டும். வீட்டுக்குத் திரும்ப அவருக்கு விருப்பமில்லை என்றால் பெண்கள் உதவி எண் 181-ஐ அழைத்து ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சேருங்கள். எங்கே இருக்கிறார் என்று எங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உயிரோடு இருக்கிறார், டாக்டர் பார்த்துவிட்டார் என்ற தகவல் போதும்.

தயவுசெய்து புதிய நோட்டீஸை இன்றே வெளியிடுங்கள். 'எட்டு மாதக் கர்ப்பிணி, பிரஷருக்கு மாத்திரை எடுப்பவர்' என்று முதல் வரியிலேயே இருக்கட்டும். ரத்த வகையையும் பிரசவத் தேதியையும் ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பிரதியில் சேருங்கள். தொடர்பு எண்ணாக ஸ்டேஷன் எண்ணையே கொடுங்கள். வீட்டு எண்ணைப் போட்டதால், "உங்க பொண்ணு எங்க இருக்குன்னு தெரியும், முதல்ல பணம் அனுப்புங்க" என்று அவருடைய அம்மாவுக்குப் போன் வந்துகொண்டிருக்கிறது. ஒட்டுவதற்கு ஆள் இல்லை என்றால் பிரதிகளை எங்களிடம் கொடுங்கள். காசிமேட்டிலிருந்து விம்கோ நகர் வரை நாங்கள் ஒட்டுகிறோம்.

இப்படிக்கு,
அந்தத் தெருவிலும் அடுத்த தெருக்களிலும் வசிக்கும் பெண்கள்